எருக்கஞ்செடியில் ஒரு அபாயப் பலகை

சேலத்தில் கோரிமேட்டைத் தாண்டி ஏற்காடு அடிவாரத்தை நோக்கிப் போகும் வழியில், சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு காலி மனை இருக்கிறது. எல்லைக்கல் நட்டுப் பல வருஷம் ஆகியும் யாரும் வீடு கட்டவில்லை, எருக்கு கட்டிக்கொண்டது. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டூவீலரை ஓரங்கட்டி, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு செடியின் மேல் மஞ்சளும் நீலமுமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ எறிந்த பிஸ்கட் கவர் என்றுதான் முதலில் நினைத்தேன். கவர் நடந்தது.

போனை எடுத்து, பூச்சியின் மூக்கில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கிட்டத்தட்ட நாற்பது படம் எடுத்தேன். நாற்பதும் கலங்கல். பின்னால் இருந்த இலையின் நரம்பு மட்டும் அழகாக விழுந்திருந்தது. அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன கண்ணு, எருக்கலாஞ்செடிக்குள்ள என்ன தொலச்ச?"

"ஒண்ணும் தொலைக்கலீங்க ஆயா. பூச்சி ஒண்ணு இருக்குது, போட்டோ எடுக்கறேன்."

"அதயா? அது எங்கியும் போவாது. காக்கா கூட அதத் தொடாது."

காக்கா கூடத் தொடாது. அந்தப் பூச்சியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இந்த மூன்று வார்த்தைக்குள் இருக்கிறது. போனில் அதைப் படம் எடுப்பது ஏன் சுலபம் என்பதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. ஆகவே பூச்சியிலிருந்து தொடங்கி, கேமராவுக்கு அப்புறம் வருகிறேன்.

இதன் பெயர் எருக்கு வெட்டுக்கிளி. அறிவியல் பெயர் பொயிகிலோசெரஸ் பிக்டஸ். பிக்டஸ் என்றால் லத்தீனில் 'வண்ணம் தீட்டப்பட்டது'. 1775இல் டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் இதை விவரித்து எழுதியபோது வைத்த பெயர். மனுஷர் மிகைப்படுத்தவில்லை. வளர்ந்த வெட்டுக்கிளியின் உடம்பில் பளிச்சென்ற மஞ்சளும் மயில் கழுத்து மாதிரியான நீலமும் மாறி மாறிப் பட்டை போட்டிருக்கும். மேலே போர்த்தியிருக்கும் இறக்கை பச்சை. அதில் மஞ்சள் புள்ளிகள். அதற்கடியில் மடித்து வைத்திருக்கும் பின்னிறக்கை வெளிர் சிவப்பு. அது பறக்கும்போதுதான் தெரியும், பறப்பதோ அபூர்வம்.

குட்டியைப் பார்த்தால் இது வேறு பூச்சி என்றே சொல்வீர்கள். பச்சை கலந்த மஞ்சள் உடம்பு, அதன் மேல் மெல்லிய கறுப்புக் கோடுகள், நடுநடுவே குங்குமப் பொட்டு மாதிரி சிவப்புப் புள்ளிகள். இறக்கை இருக்காது, இறக்கை வரவேண்டிய இடத்தில் சின்ன மொட்டு போல ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். பட்டாம்பூச்சியைப் போலப் புழு, கூட்டுப்புழு என்று வெட்டுக்கிளி உருமாறுவதில்லை. முட்டையிலிருந்து வரும்போதே குட்டி வெட்டுக்கிளிதான். தோலை உரித்து உரித்துப் பெரிதாகும். கடைசித் தோலை உரிக்கும்போது இறக்கை வந்துவிடும். ஒரே எருக்கில் எல்லா வயசும் ஒன்றாகக் கிடைக்கும் என்பதால், இதைப் புத்தகம் இல்லாமல் செடியிலேயே பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

சரி, காக்கா ஏன் தொடாது?

எருக்கின் இலையைக் கிள்ளினால் பால் வரும். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டும் வீடுகளில், "கையைக் கழுவாம கண்ணத் தொடாத" என்று பிள்ளைகளை விரட்டுவார்கள். அது வெறும் பயமுறுத்தல் இல்லை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். அந்தப் பாலில் இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் ஒருவகை நஞ்சும் இருக்கிறது. அதனால்தான் எருக்கை மற்ற விலங்குகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றன. எருக்கு வெட்டுக்கிளி அதையே மூன்று வேளையும் தின்று வளர்கிறது. தின்பதோடு நிற்காமல், அந்த நஞ்சில் ஒரு பங்கைத் தன் உடம்பிலேயே சேர்த்தும் வைத்துக்கொள்கிறது. இதைக் கொத்தித் தின்கிற பறவைக்கு எருக்கை மென்ற கதிதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நஞ்சு உள்ளே இருந்து என்ன பயன்? பறவை கொத்திப் பார்த்து, கசந்து, துப்புவதற்குள் பூச்சியின் உயிர் போய்விடுமே. கடிப்பதற்கு முன்பே பறவைக்குத் தெரிந்தாக வேண்டும். மின்சார டிரான்ஸ்ஃபார்மரில் மண்டை ஓடு படம் போட்டு 'அபாயம்' என்று பலகை மாட்டியிருப்பார்களே, அதே வேலையைத்தான் இந்த மஞ்சளும் நீலமும் செய்கின்றன. இதற்கு எச்சரிக்கை நிறம் என்று பெயர். பச்சை இலையின் நடுவே மறைய முயலாமல், வேண்டுமென்றே கண்ணில் குத்துகிற மாதிரி இருப்பது.

இன்று சொல்லக் கேட்டால் சாதாரணமாகத் தோன்றுகிறது. ஆனால் இந்தக் கேள்வி டார்வினையே திணறடித்தது. ஆண் பறவையின் அழகுக்கு அவரிடம் காரணம் இருந்தது: துணையைக் கவர்வதற்காக. ஆனால் சில கம்பளிப்பூச்சிகளும் புழுக்களும் அப்படிப் பளபளக்கின்றனவே, அவை இனப்பெருக்கமே செய்யாத பருவத்தில் இருக்கின்றனவே, அவற்றுக்கு எதற்கு அலங்காரம்? 1867இல் இதை அவர் இன்னொரு இயற்கை ஆய்வாளரான ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸிடம் கேட்டார். வாலஸ் சொன்ன பதில்: அந்தப் புழுக்கள் வாயில் வைக்க முடியாதவையாக இருக்கும், நிறம், அதைத் தின்ன வருபவர்களுக்கான அறிவிப்பு. இரண்டே வருஷத்தில், 1869இல், ஜென்னர் வியர் என்பவர் தான் வளர்த்த பறவைகளுக்குப் பலவகைப் புழுக்களைப் போட்டுப் பார்த்து, வாலஸ் சொன்னது பெரும்பாலும் சரிதான் என்று காட்டினார். வளர்ப்புப் பறவையும் ஒரு கிண்ணம் புழுவும் போதுமானதாக இருந்த காலம்.

பறவைக்கு இந்த அறிவிப்பைப் படிக்க யார் சொல்லித் தருவது? பெரும்பாலும் அனுபவம்தான். 1960களில் அமெரிக்காவில் லிங்கன் பிரோவர் என்பவர், எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பால் செடிகளைத் தின்று வளர்ந்த மொனார்க் பட்டாம்பூச்சிகளை ப்ளூ ஜே என்ற பறவைக்குக் கொடுத்தார். பறவை ஆசையாகத் தின்றது. சில நிமிஷத்தில் வாந்தி எடுத்தது. அதன் பிறகு அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தாலே ஒதுங்கிப்போனது. ஆக, ஒன்றிரண்டு பூச்சிகள் பலியாகித்தான் மற்றவற்றுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. நிறம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ, பாடம் அவ்வளவு நன்றாக மனசில் நிற்கும்.

மொனார்க்கின் சொந்தக்காரர் ஒருவர் நம் எருக்கிலும் உண்டு. வெந்தய வரியன் என்ற ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி. அதன் புழுவும் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு இதே இலையைத் தின்னும். மஞ்சள் கடுகு கொட்டியது போலத் தண்டின் நுனியில் அப்பியிருக்கும் அசுவினியும் இங்கேதான் இருக்கும். ஒரு எருக்கஞ்செடியை அரை மணி நேரம் சுற்றிவந்தால், ஆளுக்கொரு பலகை மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சிறிய தெருவையே பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. வண்ணமாக இருப்பதெல்லாம் விஷம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வயசில் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்த பொன்வண்டு ஞாபகம் இருக்கும். அதன் பச்சை வேறு கதை. அது சாயம் இல்லை. ஓட்டின் மிக நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் உண்டாகும் மினுமினுப்பு. அதனால்தான் பொன்வண்டு செத்துப் பல வருஷம் ஆனாலும் அந்தப் பச்சை போகாது. எருக்கு வெட்டுக்கிளியின் நிறம் அப்படி இல்லை, செத்ததும் மங்கிவிடும். இதைப் பிடித்துக் குண்டூசியில் குத்திப் பெட்டியில் வைத்தால் மிஞ்சுவது ஒரு பழுப்புக் கூடு. நிறம் வேண்டுமென்றால் உயிரோடு இருக்கும்போது படம் எடுப்பதுதான் வழி.

இப்போது கேமராவுக்கு வருவோம். மறைந்து வாழும் பூச்சிக்கு ஓடுவதுதான் ஆயுதம். நிழல் பட்டாலே பறந்துவிடும். எச்சரிக்கை நிறம் பூண்ட பூச்சி அவசரப்படாது. பலகை பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம். பாட்டி சொன்ன "எங்கியும் போவாது" இதுதான். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல மாடல் கிடைக்காது. அதிலும் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போனால் இன்னும் நல்லது. பெரும்பாலான பூச்சிகளுக்கு நம்மைப் போல உடம்பை எப்போதும் சூடாக வைத்துக்கொள்ளும் வசதி கிடையாது. வெயில் ஏறி உடம்பு சூடான பிறகுதான் சுறுசுறுப்பு வரும். அந்த நேரத்துக்குள் அது உடம்பைப் பக்கவாட்டில் சூரியனுக்குக் காட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருக்கும். தானாகவே போஸ் கொடுத்த மாதிரி.

எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் ஒரு தந்திரம் செய்யும். நீங்கள் கிட்டே போகப் போக, தண்டைச் சுற்றி மெதுவாக மறுபக்கம் போய்விடும். நீங்களும் சுற்றினால் அதுவும் சுற்றும். இந்தப் பம்பரத்தை நிறுத்த ஒரே வழி, நின்ற இடத்திலேயே நின்று, காலியாக இருக்கும் கையை மெதுவாகத் தண்டின் அந்தப் பக்கம் நீட்டுவது. அது கையிலிருந்து விலகி உங்கள் பக்கமே திரும்பி வரும். தொட வேண்டாம். நான் ஒருமுறை குட்டி ஒன்றை விரலால் கொஞ்சம் திருப்பி வைக்கலாம் என்று பார்த்தேன். முதுகிலிருந்து, வயிற்றின் முதல் வளையத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவிலிருந்து, சிரிஞ்சில் அடித்த மாதிரி ஒரு திரவத்தைப் பீய்ச்சியது. குறி தப்பவில்லை; தொட்ட பக்கத்தை நோக்கியே அடிக்கும். பாதி விரலில், பாதி போன் லென்ஸில். அதற்கப்புறம் எடுத்த படமெல்லாம் ஏற்காட்டுப் பனியில் எடுத்தது போல இருந்தது. பலகையைப் படித்த பிறகும் கம்பியைத் தொட்டவனுக்கு அது போதாது. கையையும் லென்ஸையும் துடைத்துவிட்டுத்தான் முகத்தைத் தொட்டேன்.

என் முதல் நாற்பது படம் ஏன் கலங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். நாற்பது வயசு தாண்டியவர்கள் பேப்பரைத் தள்ளி வைத்துப் படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு மிகப் பக்கத்தில் கொண்டுவந்தால் எழுத்து கலைந்துவிடும். போனின் பிரதான கேமராவுக்கும் அதே வெள்ளெழுத்து உண்டு. ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால், லென்ஸ் என்னதான் முயன்றாலும் தெளிவாகக் காட்ட முடியாது. அந்தத் தூரம் போனுக்குப் போன் மாறும். பல போன்களில் அது ஒரு சாணுக்குள் அடங்கும். விலை அதிகமான போன்களில் பெரிய சென்சார் இருப்பதால் அந்தத் தூரம் கூடிவிடுவதும் உண்டு. காசு கூடக் கொடுத்து வாங்கியது ஏன் கிட்டத்தில் சரியாக எடுப்பதில்லை என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில்.

உங்கள் போனின் தூரத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மேசையில் ஒரு ஸ்கேலை வைத்து, அதன் ஒரு முனையில் இரண்டு துவரம்பருப்பைப் போடுங்கள். போனைக் கிட்டே கொண்டுபோய், பருப்பு எந்த இடத்தில் கலங்கத் தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த அளவை மனசில் வைத்துக்கொண்டு, செடியிடம் போகும்போது அதைவிட இரண்டு விரற்கடை தள்ளியே நில்லுங்கள். பூச்சி சின்னதாகத் தெரிகிறது என்றால் கிட்டே போகாதீர்கள். இரண்டு மடங்கு ஜூம் போடுங்கள். என்னைக் கேட்டால், புதியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே வித்தை இதுதான்: ஒரு சாண் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம். அதற்கு மேல் ஜூமை இழுத்தால் சில போன்கள் தூரத்துக்கான லென்ஸுக்கு மாறிவிடும். அதற்கு இன்னும் அதிக இடைவெளி வேண்டும். மற்ற போன்களில் படம் வெறுமனே பெரிதாக்கப்பட்டுக் குழைந்துபோகும்.

மேக்ரோ என்று தனியாக ஒரு பட்டன் இருக்கிறதே என்பீர்கள். அதில் இரண்டு ஜாதி. அகலக் கோண லென்ஸே கிட்டத்தில் குவியும்படி செய்திருப்பது ஒன்று. 2021இல் வந்த ஐபோன் 13 ப்ரோ 2 சென்டிமீட்டர் வரை நெருங்கி எடுக்கும். இது உண்மையிலேயே நல்ல கருவி, ஆனால் அவ்வளவு கிட்டே போனால் போனின் நிழலே பூச்சி மேல் விழும். இன்னொன்று, விலை குறைந்த போன்களில் எண்ணிக்கைக்காக ஒட்டி வைக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா. அதை நான் நம்புவதில்லை. பிரதான கேமராவில் எடுத்து வெட்டிக்கொண்டால் அதைவிட நன்றாக வரும். மாட்டிக்கொள்ளும் கிளிப் லென்ஸ் கிடைக்கிறது, எருக்கு வெட்டுக்கிளிக்கு அது தேவையே இல்லை. நன்கு வளர்ந்த பெண் வெட்டுக்கிளி சுண்டுவிரல் நீளத்துக்கு வரும். இது எறும்பு இல்லை.

தூரம் சரியான பிறகு வரும் அடுத்த தொல்லை, கண் தெளிவாக இருக்கும், வால்பக்கம் கலங்கியிருக்கும். கிட்டத்தில் எடுக்கும்போது, தெளிவாக விழும் பகுதி ஒரு மெல்லிய தகடு அளவுதான். அந்தத் தகட்டுக்குள் பூச்சி முழுவதும் படுத்திருக்க வேண்டும். அதற்கு, போனின் முதுகும் பூச்சியின் பக்கவாட்டும் இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இரண்டு சுவர். நடுவில் ஒரு சாண் அகலச் சந்து. சுவர் சாய்ந்தால் ஒரு முனை கலங்கும். குனிந்து, முட்டி போட்டு, பூச்சியின் மட்டத்துக்கு இறங்கினால்தான் இது நடக்கும். நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் எல்லா வெட்டுக்கிளியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முட்டி போடும் முன் கீழே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் துண்டும் இருக்கலாம், பாம்பும் இருக்கலாம்.

அப்புறம் அந்த மஞ்சள். பத்து மணி வெயிலில் எடுத்தால் மஞ்சள் பட்டை வெள்ளையாக வெளுத்துப்போய், அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன மேடு பள்ளமெல்லாம் மறைந்துவிடும். கேமரா எந்த நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துத்தான் பதிவு செய்கிறது. மஞ்சள் என்பது அதற்கு சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. கடும் வெயிலில் இரண்டு பாத்திரமும் ஒரே நேரத்தில் நிரம்பி வழிந்துவிடுகின்றன. வழிந்ததை அப்புறம் எடிட் செய்து மீட்க முடியாது. திரையில் பூச்சியின் கண்ணைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சின்ன சூரியன் அடையாளத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். படம் லேசாக இருட்டாகத் தெரியட்டும், பரவாயில்லை. இருட்டைப் பிறகு தூக்கலாம். நிழல் பக்கம் அதிகமாகக் கறுத்தால், ஒரு வெள்ளைத் தாளை எதிர்ப்பக்கம் பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழும். பழைய மின்கட்டண ரசீதின் பின்பக்கம்கூடப் போதும். போனின் விளக்கைப் போடாதீர்கள். நீலப் பட்டையின் மேல் எண்ணெய் தடவியது போல ஒரு வெள்ளைப் புள்ளி வந்து உட்கார்ந்துவிடும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. எருக்கின் இலை பெரிதாக, தட்டையாக இருப்பதால் லாரி போனாலே ஆடும். கிளையைப் பிடித்து நிறுத்தலாம், ஆனால் முறித்துவிடாதீர்கள், பால் கையில் ஒட்டும். காற்று ஓயும் நொடிக்குக் காத்திருந்து ஒரே மூச்சில் பத்துப் படம் எடுப்பதுதான் எனக்குச் சரிப்படுகிறது.

எத்தனை படம் எடுத்தாலும் எல்லாம் ஒரே கோணமாக இருந்தால் பயனில்லை. 2020 மே மாதக் கடைசியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் வயல்களைத் தின்றுகொண்டு வந்த நேரம். ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 4 கோடியிலிருந்து 8 கோடி வரை இருக்கும் பூச்சி அது. டிவியில் இதைப் பார்த்துப் பார்த்து எல்லோரும் மிரண்டிருந்தபோது, நமக்கு வடக்கே கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிகள் கூட்டமாக மொய்த்தன. படங்கள் வாட்ஸ்அப்பில் பறந்தன. வேளாண் துறையினர் போய்ப் பார்த்து, இவை பாலைவன வெட்டுக்கிளிகள் இல்லை என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அன்றைக்குப் பரவிய படங்களில் முக்கியமான சாட்சி எது தெரியுமா? செடிதான். பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் வந்தால் கம்பு, சோளம், மரம், மட்டை என்று பார்க்காது. எருக்கை மட்டும் தேடி உட்காராது. அதன் உடம்பில் நீலப் பட்டையும் கிடையாது. இளசில் இளஞ்சிவப்பு, முதிர்ந்தால் மஞ்சள், இறக்கையில் பழுப்புத் திட்டுகள். பூச்சியை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பினால் பார்க்கிறவருக்கு இதில் பாதி தெரியாது. அதனால் நான் இப்போது எந்தப் பூச்சியைக் கண்டாலும் முதல் படத்தைத் தள்ளி நின்று, செடி முழுசாகத் தெரியும்படி எடுத்துவிடுகிறேன். அதன் பிறகு பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று. தின்ற இலையையும் ஒரு படம். பெயர் கண்டுபிடிக்க கூகுள் லென்ஸ் உடனே ஏதாவது ஒரு பதில் சொல்லும். அது எப்போதும் சரியாக இருக்காது. ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியில் இடமும் தேதியும் சேர்த்து ஏற்றினால், பூச்சி தெரிந்த மனிதர்கள் பார்த்து உறுதி செய்வார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் வேறு யார் எதைப் பார்த்திருக்கிறார்கள் என்று வரைபடத்தில் தேடுவதும் நல்ல பொழுதுபோக்கு, கொஞ்சம் அடிமையாக்கும்.

படம் முடிந்ததும் போனைப் பையில் போடாமல், ஒரு நிமிஷம் வீடியோ ஓட விடுங்கள். அசையாமல் நிற்பதாக நினைத்த பூச்சியின் வயிறு துருத்தி மாதிரி ஏறி இறங்குவது தெரியும். அது மூச்சு விடுகிறது, மூக்கால் இல்லை. உடம்பின் இரண்டு பக்கமும் வரிசையாக ஊசித்துளை போல இருக்கும் ஓட்டைகள் வழியாக. நல்ல பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கினால் அந்தத் துளைகளையே எண்ணலாம். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறியிருந்தால், மேலே இருக்கும் சின்னது குட்டி இல்லை, ஆண். நாள் முழுக்க அப்படியே சவாரி செய்யும். பெண் தரைக்கு இறங்கி வயிற்றின் நுனியை மண்ணுக்குள் நீட்டினால், முட்டையிடப் போகிறது என்று அர்த்தம். அதை மட்டும் தொந்தரவு செய்யாமல் தள்ளியிருந்து பாருங்கள்.

இதே பழக்கத்தோடு மலைக்கு மேலே போனால் கொஞ்சம் ஏமாறுவீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற எருக்கு குறைந்து, சில்வர் ஓக் நிழலும் காப்பிச் செடியும் வந்துவிடும். அங்கே குச்சி மாதிரியும் இலை மாதிரியும் வேஷம் போட்டு ஒளிந்திருக்கிற பூச்சிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. கண்டாலும் நிழலில் வெளிச்சம் போதாமல் போனின் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், கை நடுங்கினால் படம் போச்சு. முழங்கையை ஏதாவது மரத்தில் ஊன்றிக்கொண்டால் தப்பிக்கலாம். வளைவுகளில் வண்டியை நிறுத்திப் பூச்சி பார்க்காதீர்கள். மேலிருந்து வரும் பஸ்காரருக்கு உங்கள் ஆர்வம் தெரியாது. கையில் தின்பண்டம் இருந்தால் குரங்கும் வரும். அதனால்தான் முதல் பத்து ஞாயிற்றுக்கிழமையை அடிவாரத்து எருக்கிலேயே கழியுங்கள் என்பேன்.

போன மாதம் மறுபடி அந்தக் காலி மனைக்குப் போயிருந்தேன். செடியில் பாதி இலை காணோம், மென்று தீர்த்திருந்தன. ஒரு சாண் தள்ளி நின்று, முட்டி போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, ஆறே படம். கொம்பு நுனியிலிருந்து பின்னங்கால் முள் வரை அத்தனையும் தெளிவு. பாட்டி அதே ஆடுகளோடு வந்தார். "எங்க, காமி" என்று போனை வாங்கி, கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் வந்திருக்குது. இந்த எலைக்கு அடியில குட்டி ஒண்ணு ஒளிஞ்சிருக்குது பாரு, அதையும் சேத்தி எடுத்திருக்க."

நான் பார்க்கவே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். இலையின் ஓரத்துக்குக் கீழே, இரண்டு சிவப்புப் பொட்டும் ஒரு உணர்கொம்பும்.